காய்ச்சல் இல்லாத வீட்டில் பன்னு

சுருட்டிய மாவின் மடிப்பிலிருந்து வெல்லப் பாகு கசிந்து, தட்டின் விளிம்பைத் தாண்டிச் சுடுமணலில் சொட்டிக் கருகும்போது எழும் வாசனைக்கு இன்றுவரை எனக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. அதிரசம் வேகும் வீட்டின் வாசனை பாதியும் புளித்த மாவின் வாசனை பாதியுமாகக் கலந்து அது தெருவுக்குப் போனதும், முதலில் தெரு நாய்கள் எழுந்து எங்கள் வாசலுக்கு வரும், அதற்கப்புறம்தான் நாங்கள் எழுவோம். எழுபதுகளின் தொடக்கத்தில், கச்சிராயபாளையத்தில் வாய்க்காலை ஒட்டிய எங்கள் தெருவில், காலைச் சாப்பாடு என்றால் பழைய சோறு, இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழ், நல்ல நாள் பெரிய நாளில் இட்லி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி சுட்டுத் தின்ற ஒரே வீடு எங்களுடையது.

காரணம் அம்மா பாண்டிச்சேரிப் பெண். அவள் பிறந்த வீட்டுக்கும் ரொட்டி சுட்டு விற்கும் ஒரு கிடங்குக்கும் நடுவே ஒரே சுவர்தான் இருந்ததாம். விடிந்தும் விடியாமல் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு ரொட்டிக்காரர்கள் கிளம்புவதைப் பார்த்தும், சூடான ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றும் வளர்ந்தவளைக் கொண்டுவந்து, கரும்பும் நெல்லும் பயிரிடும் என் அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் காலையில் கூழ்ச் சட்டியின் முன்னால் உட்காரும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் சோர்ந்துபோகும் என்று அப்பா பிற்காலத்தில் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, கிடங்கில் கேட்டு வாங்கிய புளித்த மாவுக் கட்டி ஒன்றை டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் அக்கா செல்வியும் கூட இருந்தோம். சித்திரை வெயில், பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், மாவு அம்மா மடியில் உட்கார்ந்தபடியே பொங்கிக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியாது. திருநாவலூர் கைகாட்டி தாண்டியதும் டப்பாவின் மூடி 'டப்'பென்று தெறித்து முன் இருக்கைக்காரர் பிடரியில் போய் விழுந்தது. வெள்ளை வெளேரென்று வழிந்த மாவைக் கண்டு கண்டக்டர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இன்னாம்மா, டப்பால உசுரோட எதுனா புட்ச்சிக்கினு வர்றியா?" என்று அவர் கேட்க, பஸ் முழுக்கச் சிரித்தது. அம்மா வழிந்ததையெல்லாம் முந்தானையால் வழித்து மறுபடி டப்பாவில் போட்டு, வீடு வரும்வரை மூடியைக் கையால் அழுத்திக்கொண்டே வந்தாள்.

அந்த மாவுதான் எங்கள் வீட்டு ரொட்டிக்கெல்லாம் வேர். தினமும் ஒரு பிடி மாவும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து, தோசை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து அதை உயிரோடு காப்பாற்றினாள். அடுப்பு அப்பாவின் வேலை. பழைய இரும்பு அண்டா ஒன்றை மண் அடுப்பின்மேல் ஏற்றி, அடியில் ஆற்று மணல் பரப்பி, மேலே மூட ஒரு தகடு வளைத்துக் கொடுத்தார். எரிக்கக் கரும்புச் சக்கைக்குப் பஞ்சமில்லை. தகட்டின்மேலும் தணல் போட்டால் மேலும் கீழும் ஒரே சூடு. முதல் முதலில் வெந்து வந்ததை அப்பா கடித்துப் பார்த்துவிட்டு, "இத்த மதகுக்கு அண்டக் குடுத்தா தண்ணி ஒரு சொட்டு வெளிய போவாது" என்றார். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம் ஊற வைத்தாள், அதற்கடுத்த தடவை தணலைக் குறைத்தாள், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பஞ்சானது.

கள்ளக்குறிச்சிக் கடை மைதாவும் ரேஷன் கோதுமையும் கலந்த மாவைப் பிசைந்து, பாய் போல் தட்டி, நுணுக்கிய வெல்லமும் தேங்காய்த் துருவலும் வறுத்த எள்ளும் ஏலக்காயும் தூவிச் சுருட்டி, துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் நெருக்கி அடுக்குவாள். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வரும் பெண்களிடம் தேன் வாங்கிய வாரத்தில், வெந்ததன் தலையில் தேன் தடவுவாள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'சுருட்டு ரொட்டி'. சுருளின் வெளி வளையத்திலிருந்து பிய்த்துத் தின்றுகொண்டே போய், நடுவில் வெல்லம் ஊறிய கொழுந்தைக் கடைசியில் வாயில் போட்டுக்கொள்வதற்காகவே வாரம் முழுக்க நாங்கள் நல்ல பிள்ளைகளாக இருந்தோம்.

இதில் எல்லாம் சரி, ஊர்க் கணக்கு ஒன்றுதான் இடித்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ரொட்டியும் பன்னும் நோயாளிகளின் தின்பண்டம். காய்ச்சல் வந்தால் டாக்டர் 'பன்னு, பால் மட்டும் குடுங்க' என்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் பன்னும் ஆரஞ்சும் வாங்கிப் போக வேண்டும். ஒருவர் கையில் பன் பொட்டலத்தைப் பார்த்தால் எதிரே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்பதுதான். நான் ஒருநாள் பள்ளிக்குச் சுருட்டு ரொட்டி கொண்டுபோய்த் திறந்ததும் டீச்சர் பதறி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலோட ஏன்மா வந்த?" என்று கையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று மத்தியானம் முழுக்க வாய்க்காலில் ஆட்டம் போட்டேன். எந்த நாளில் யார் துக்கமான முகத்தோடு நலம் விசாரிக்க வருவார்கள் என்று சொல்ல முடியாது. வந்தவர்களுக்கு அம்மா ஒரு ரொட்டியைக் கொடுத்து அனுப்புவாள்; அவர்களும் மருந்து வாங்கிக்கொள்வதுபோல் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்த வேடிக்கையெல்லாம் செல்வி அக்காவுக்கு வரன் வந்ததோடு முடிந்துபோனது. எலவனாசூர்கோட்டையில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். மாப்பிள்ளை அப்பாவைப் போலவே மண்ணில் இறங்கி வேலை செய்கிறவர். வந்து பார்த்தார்கள், பிடித்துப்போய் அக்கா தலையில் பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். பரிசம் போட நாள் பார்த்துச் சொல்லி அனுப்புவதாகப் பேச்சு. போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அக்கா பிறவியிலேயே ஒல்லி. ஊதினால் பறந்துவிடுவாள் என்று கேலி செய்வோம். ஒல்லியான பெண், வாரம் தவறாமல் பன்னு வேகும் வீடு. இரண்டையும் முடிச்சுப் போட்ட யாரோ புண்ணியவான், பெண்ணுக்கு 'நெஞ்சு நோவு', அதாவது காசம், என்று மாப்பிள்ளை ஊர்வரை கொண்டுசேர்த்துவிட்டான். பூ வைத்த பெண்ணை வேண்டாமென்று விட்டால் அப்புறம் வேறு யார் வந்து கேட்பார்கள்?

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, சேதி கேட்ட அன்றே அடுப்படியில் வந்து நின்றாள். "ஊருல கீறவங்க வாயில வுழறதுக்கா இத்த சுட்டுக்கினு கீற? அந்த அண்டாவத் தூக்கி வாய்க்கால்ல போடு. மொதல்ல பொண்ணக் கரையேத்தற வழியப் பாரு" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நான் வேணாம்னு சொல்லல. கண்ணாலம் முடியற வரைக்கும் கொஞ்சம் கம்மி பண்ணிக்கோயேன்" என்றார்.

"கம்மி இன்னா, நிறுத்தியே வுட்றேன்" என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டிலும் கூழ்தான். புளித்த மாவைக் கொட்ட மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. எப்போதும்போல் ஒரு பிடி மாவு போட்டு வளர்த்து, மிஞ்சியதைத் தோசையில் கலந்து ஊற்றினாள். தன்னால் வீட்டில் எல்லோருக்கும் ரொட்டி போயிற்றே என்று அக்காவும், தன் ரொட்டியால் பெண்ணின் வாழ்வு போய்விடுமோ என்று அம்மாவும், ஆளுக்கொரு மூலையில் நொந்துகொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை, முதல் டவுன் பஸ் போன சத்தம் அடங்குவதற்குள், மாப்பிள்ளையின் தாயார் தனியாக எங்கள் வாசலில் வந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை. அந்த அம்மாள் உள்ளே வந்து உட்காரும் முன்பே பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களையும், கடைக் காகிதத்தில் சுற்றிய பன்னையும் எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"பொண்ணுக்கு ஒடம்பு இப்ப எப்டி கீது?" என்றார்.

"அவளுக்கு இன்னாங்க, நல்லாத்தான கீறா."

"மறைக்காதம்மா. மாசக்கணக்கா உங்க வூட்ல பன்னுதான்னு எங்க ஊர் வரைக்கும் பேச்சு வந்துட்ச்சி. பூ வச்சிட்டுப் போன பொண்ணு, வந்து பாக்க வேணாமா?"

அம்மா அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. "நான் பாண்டிக்காரிங்க. எங்க ஊர்ல நோவுல கீறவங்கதான் கஞ்சி குடிப்பாங்க. நல்லா இருக்கறவங்க காலைல ரொட்டி துன்னுவாங்க" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

அந்த அம்மாள் நம்பவில்லை. "நல்லா இருக்க சொல்லயா? காலங்காத்தாலயா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி, செஞ்சி காட்டு. பஸ்ஸு போனாப் போவுது. பொண்ணக் கூப்புடு, அவளே பெசையட்டும்" என்றார்.

அவர் எதைப் பார்க்க வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அக்கா பலகையில் மாவைக் கொட்டிப் பிசைய ஆரம்பித்தாள். எதிரே குந்திய அந்த அம்மாளின் கண் மாவின்மேல் இல்லை; அக்காவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாவைத் தூக்கித் தூக்கிப் பலகையில் அறைந்தாள், பலகை குதித்தது. நெற்றி வியர்வை மாவில் விழாமல் தோளால் துடைத்துக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. மாவு வெயிலில் பொங்கி முடிந்து, மத்தியானம் அடுப்பு மூட்டியபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கரும்புச் சக்கை அன்று ஈரம். புகை சுருண்டு சுருண்டு அடுப்படியை நிறைத்தது. அக்கா ஊதுகுழலும் கையுமாக அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு இருமல் இருமினாலும் எல்லாம் போச்சே என்று நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருமல் சத்தம் கேட்கத்தான் செய்தது. இருமியது மாப்பிள்ளையின் தாயார். கண்ணும் மூக்கும் ஒழுக, மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். அக்கா எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, "வெளிய காத்தாட ஒக்காருங்க அத்த, வெந்ததும் நானே எடுத்தாறேன்" என்றாள். அதுவரை அவள் அவரை அத்தை என்று கூப்பிட்டதில்லை.

தட்டு வந்ததும் அவர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். இன்னொன்றும் எடுத்தார். தட்டில் ஒட்டியிருந்த வெல்லத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு, அப்பாவைப் பார்த்து, "பரிசத்துக்கு வர்ற வெள்ளிக்கெழம வர்றோங்க" என்றார். அவர் கொண்டுவந்த கடைப் பன்னை நான்தான் தின்றேன். சந்தோஷத்தில் அதுவும் ருசியாகத்தான் இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது துணிப்பை நிறைய ரொட்டியைக் கட்டிக்கொண்டு போனார். எலவனாசூர்கோட்டையில் இறங்கியதும், "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி மாளவில்லையாம்.

இப்போது கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தைச் சுற்றி எத்தனை பேக்கரிகள். மலையிலிருந்து வருகிறவர்கள்கூடப் பிறந்தநாள் கேக் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பன் தின்பவரை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. அம்மா இருந்து பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். போன மழைக்காலத்தில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல். பன் வாங்கப் போனேன். கடைக்காரத் தம்பி, "கிரீம் பன்னா, ஜாம் பன்னா?" என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரொட்டி வாசனையை மோந்தே எங்கள் வீட்டுக்கு நலம் விசாரிக்க ஆள் வந்துகொண்டிருந்த காலத்தில் வளர்ந்ததற்கு நான் கொடுத்துவைத்தவள் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது இதைச் சொன்னேன். அக்காவே இப்போது ஒரு மாமியார். கல்யாணமாகி வெகு காலம் கழித்து ஒருநாள் அவள் தன் மாமியாரிடம் நேராகவே கேட்டாளாம்: நிஜமாகவே எனக்கு நோவு இருந்திருந்தால் என்னை உங்கள் மகனுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்களா? அவர் பூசி மெழுகவில்லை.

"கட்டிக்கினு இருப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன் செல்வி. ஆனா வந்து பாக்காம வுட்டிருக்க மாட்டேன்" என்றாராம்.

அந்தப் பதிலைக் கேட்ட அன்றுதான் அவரை முழுசாக அத்தை என்று நினைத்தேன் என்றாள் அக்கா.