பள்ளத்துப் பக்கத்து லீவர்

வத்தல்மலையில் பாதை வெட்டிக்கொண்டிருந்த பழைய புல்டோசர் இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று மெக்கானிக்கான எனக்குப் போன் வந்தது. அதில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது, இரண்டு லீவர்கள்தான். இடது லீவரை இழுத்தால், டயருக்குப் பதிலாக ஓடும் இடது செயினுக்கு இன்ஜின் இழுவை போகாது. கூடவே இடது பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும்.

லீவரின் கம்பியில்தான் கோளாறு என்று அரை நாள் மல்லுக்கட்டிச் சரிசெய்தேன். சமதளத்தில் பிரேக்கைத் தொடாமலே திரும்பியது. அதோடு விட்டிருக்கலாம். அவசரக்குடுக்கை நான்; பிரேக்கைச் சோதிக்காமல் இறக்கத்தில் ஓட்டினேன். வலப்பக்கம் பள்ளம்.

இடது லீவரை இழுத்து மிதித்தேன். பிரேக் சும்மா உள்ளே போனது. இன்ஜின் பிடியும் பிரேக் பிடியும் இல்லாத இடது செயின், வலது செயினைவிட வேகமாக உருண்டதில், வண்டி பள்ளத்தை நோக்கித் திரும்பியது.

அந்த வண்டியை வழக்கமாக ஓட்டும் ஆபரேட்டர் மேலே நின்று கத்தினார்: "வலது லீவரை இழுங்க! நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க!"

உண்மைதான். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால், இழுத்த லீவரை விட்டுவிட்டு எதிர் லீவரை இழுக்க வேண்டும், அப்போது எதிர்ப்பக்கச் செயின் முந்தி ஓடி வண்டியை இந்தப் பக்கம் திருப்பும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பள்ளத்துப் பக்கம் இருந்த அந்த லீவருக்கு என் கை போகவே இல்லை. முன்னாலிருந்த, மண் தள்ளும் பிளேடை மண்ணில் இறக்கினேன். பாதையைக் கிழித்துக்கொண்டே போய், விளிம்பில் வண்டி நின்றது.

இறங்கி உட்கார்ந்தேன். தடுப்பதற்குள் ஆபரேட்டர் ஏறி, பிளேடைத் தூக்கி, வலது லீவரை இழுத்துவிட்டார். வண்டி மெல்ல இடப்பக்கம், மலையை நோக்கித் திரும்பியது.

"பாத்தீங்களா," என்று சிரித்தார். "நீங்க சொன்னது சரிதானுங்க."