அண்ணன் உடைத்த கொள்ளிக்குடம்

என் அண்ணன் கவிஞன். இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் நின்று தவிக்கிற குரல் என்று அவனுடைய புத்தகத்தின் பின்னட்டையில் போட்டிருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற குடும்பத்தில் பெண் எடுத்துக்கொண்டு பாரிசுக்குப் போனவன், அங்கேயே தங்கி, அந்த மொழியிலேயே எழுதவும் ஆரம்பித்துவிட்டான். நானும் எழுதுகிறேன், தமிழில். எங்கள் ஊர் சோரியாங்குப்பத்தில் என்னை யாரும் கவிஞர் என்று சொல்வதில்லை. "இன்னாடி, இன்னும் எழுதிக்கினு இருக்கியா?" என்று கேட்பதோடு சரி.

அவனுடைய தவிப்பின் மேல் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. தவித்துவிட்டுப் போகட்டும். அம்மாவின் சாவில் கை வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு அவன் ஒரே மகன். அவன் வந்து கொள்ளி வைப்பான் என்று அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். டிக்கெட் பார்க்கிறேன் என்றான். பிறகு லீவு கிடைக்கவில்லை என்றான். கடைசியில், வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அம்மாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். "கொஞ்சம் கிட்ட காட்டு" என்றான். காட்டினேன். வாய்க்கரிசி போட ஆரம்பித்தபோது, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

சித்தப்பா மகன்தான் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளி வைத்தான். பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் நாங்கள் திரும்பிவிட்டோம். எங்கள் ஊரில் பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. ஆற்றங்கரைச் சுடுகாட்டில் என்ன நடந்தது என்பதை நானே மற்றவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் அண்ணன் வந்தான், பாண்டியில் ஒரு கவிதை வாசிப்புக்காக. அவன் பிரெஞ்சில் வாசிப்பான். அதை நான் தமிழாக்கி வாசிக்க வேண்டும். காலேஜில் பிரெஞ்சு படித்த தோஷம். கவிதையை போனில் அனுப்பினான். அம்மாவுக்குக் கொள்ளி வைக்கிற கவிதை. தோளில் குடத்தோடு சிதையைச் சுற்றி வருகிறவன் அவன். குடத்தின் துளை வழியே தண்ணீர் அவன் முதுகில் வழிகிறது. தூறல் வேறு. தங்கை பக்கத்தில் நின்று அவனுக்குக் குடை பிடிக்கிறாள். இந்த ஆற்றின் கரையா, நான் வாழ்கிற ஆற்றின் கரையா, எது என் கரை என்று கேட்டுவிட்டு முடிகிறது.

போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கவிதையில் நானும் பொய் எழுதியிருக்கிறேன். அம்மா வாங்கிக் கட்டாத பட்டுப்புடவையை அவளுக்குக் கட்டிவிட்டிருக்கிறேன். ஆனால் இன்னொருத்தன் சுமந்த குடத்தை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டதில்லை. அவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இது நடக்கவே இல்லையேண்ணே."

"கவிதைடி அது. நடந்தத எழுதுனா அதுக்குப் பேரு நியூஸ். நீ அப்டியே தமிழ்ல போடு. ஒரு வார்த்தை மாத்தாத."

"சரிண்ணே. ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

சத்தியமாக மாற்றவில்லை. வேன் மட்டும் பிடித்தேன். அம்மாவின் சாவுக்கு வந்த தெரு முழுவதும் ஏறி இறங்கி, அண்ணன் புரோகிராம், வந்துடுங்க என்று அழைத்தேன். பெருமையோடு கிளம்பி வந்தார்கள். சித்தப்பா மகன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். முன்வரிசைகளில் பிரெஞ்சுக்காரர்களும் டவுன்காரர்களும். பின்னால் முழுக்க எங்கள் தெரு. மேடையில் ஏறிய பிறகுதான் அண்ணன் அவர்களைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. எனக்குக் குளுகுளுவென்றிருந்தது.

அவன் வாசித்தபோது எங்கள் தெரு ஒரு எழுத்தும் புரியாமல் பலமாகக் கைதட்டியது. நான் எழுந்தேன்.

"சுருக்கமா படிச்சிட்டு வுட்டுடு" என்று முணுமுணுத்தான்.

"ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னியேண்ணே."

ஆற அமரப் படித்தேன். குடம் வந்தபோது பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். குடை வந்ததும் எங்கள் எதிர்வீட்டு அத்தை வாய்விட்டே கேட்டாள்: "இன்னாது, சுடுகாட்டுக்கா? பொம்பளையா? எந்தூர்ல?" நல்ல வரியை இரண்டு தரம் வாசிப்பது கவியரங்க வழக்கம். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

முடித்ததும் சித்தப்பா மகன் எழுந்து நின்றான். அவனுக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"அண்ணே, அப்ப பெரியம்மாவுக்குக் கொள்ளி வச்ச நான் யாருண்ணே?"

நிகழ்ச்சியை நடத்திய பிரெஞ்சுக்கார அம்மாள் அண்ணன் பக்கம் சாய்ந்து, அவர் என்ன கேட்கிறார் என்று பிரெஞ்சில் விசாரித்தாள். முன்வரிசைப் பிரெஞ்சுக்காரர்கள் புன்னகையோடு காத்திருந்தார்கள். அண்ணன் அந்த அம்மாளைப் பார்த்து வாயைத் திறந்தான். மூடினான். சித்தப்பா மகனைப் பார்த்துத் திறந்தான். இரண்டு மொழியிலும் ஒன்றும் வரவில்லை. பிறகு என்னைப் பார்த்தான்.

அந்த மேடையில் இரண்டு மொழியும் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். இரண்டு ஊருக்கு நடுவில் நிற்பதைப் பற்றி இத்தனை வருஷமாக எழுதியவன், கொஞ்ச நேரம் அங்கே நிற்கட்டும் என்று உட்கார்ந்துகொண்டேன்.