இரண்டாவது கூண்டு

தெருவில் எல்லோரும் அவளைக் கொசுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஊரே அடித்துக் கொல்கிற ஜந்துவைச் சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்ப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அரசு ஆய்வகத்தில் அவளுக்கு ஓர் அறை, இரண்டு வலைக்கூண்டுகள். முதல் கூண்டில் மருந்து வாடையே படாமல் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த செல்லப்பிள்ளைகள். கொசுவத்திப் புகை பட்டாலே பொத்துப்பொத்தென்று விழும். இரண்டாவதில் இருந்தவை ஊர்ச் சாக்கடைக் கொசுக்களின் வாரிசுகள். அதே புகையில் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றும். எந்த மருந்து இன்னும் ஊருக்குள் வேலை செய்கிறது என்று சொல்லக்கூடியவை இந்த முரடுகள்தான்.

அவள் வீட்டுக்காரருக்கு வீட்டு முன்பக்கத்திலேயே மளிகைக் கடை. கடை வாசலில் அடுக்கியிருந்ததெல்லாம் கொசுவத்தி டப்பாக்கள். "அவ வளர்ப்பா, நான் கொல்லுவேன். பொழப்பு ஓடுது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு வருடம் அரசு நிதி நின்றுபோனது. வந்துகொண்டிருந்த காலத்திலும் அவள் அனுப்பிய அறிக்கைகளை மேலிடத்தில் ஒருவரும் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. கேள்வி கேட்காத பணம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

அப்போதுதான் கொசுவத்திக் கம்பெனி மேலாளர் வந்தார். அவள் அறிக்கையை வரி விடாமல் படித்திருந்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பதினேழாம் பக்கம் பிரமாதம் மேடம்," என்றார். அவர்கள் சுருளுக்கு ஊர்க் கொசு சாவதில்லை என்று அவள் எழுதியிருந்த பக்கம் அது. "அது மட்டும் வெளிய வரக்கூடாது. புது ரூம், ஏசி, ஆளுங்க சம்பளம் எல்லாம் நாங்க பாத்துக்கறோம். முதல் கூண்டு போதுமே. ரெண்டாவது எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு?"

"ஜனங்க உங்க சுருளை நம்பித் தூங்கறாங்க சார். கொசு பாட்டுக்குக் கடிச்சிட்டுப் போகுது. நாளைக்கு யானைக்கால் வந்தா யாரு பதில் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம்னுதானே மேடம் பணம் தர்றோம்," என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அவள் முடியாது என்றாள். பதினேழாம் பக்கம் பத்திரிகையில் வந்தது. ஆய்வகத்து அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டினார்கள். செல்லப்பிள்ளைகளை வேறொரு ஆய்வகம் கேட்டு வாங்கிக்கொண்டது. முரடுகளைக் கேட்பாரில்லை. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, கூண்டோடு வீட்டுக்கே கொண்டுவந்து சாமான் அறையில் வைத்தாள்.

வீட்டுக்காரர் குதித்தார். "என் வியாபாரத்துல மண்ணைப் போட்டதும் இல்லாம, அதுங்களுக்கு வீட்டுல விருந்து வேறயா?"

விருந்துதான். பெண் கொசு ரத்தம் குடிக்காவிட்டால் முட்டையிடாது. முட்டை இல்லையென்றால் அந்த வம்சமே அதோடு முடிந்தது. கூண்டிலேயே பிறந்தவை என்பதால் நோய் பயம் இல்லை, அரிப்புதான். அவள் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கை பூசணிக்காயாக வீங்கிப்போக, இனி நீட்டக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சுகாதாரத் துறை அலுவலகத்தில் பகல் முழுக்கப் பெஞ்சைத் தேய்த்தாள். "நல்ல வேலைதாம்மா. அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்," என்றார் அதிகாரி. அடுத்த பட்ஜெட் வரை எந்தக் கொசு உயிரோடு இருக்கும்? இத்தனை பாடும் வீண் என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது சாமான் அறையில் விளக்கில்லை, கூடத்து வெளிச்சம்தான். வீட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, கூண்டுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா? அரசாங்கம் தரல, கம்பெனிக்காரன் தந்ததை நீ வாங்கல. யாராவது தரணுமில்ல?" முகத்தைச் சுளித்துக்கொண்டார். "கைக்குழந்தையோட ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. 'உங்க வீட்டம்மா எழுதினது நெஜமா, இந்தச் சுருள் வேலை செய்யாதா'ன்னு கேட்டாங்க. பொய் சொல்ல வாய் வரல. கொசுவலை எடுத்துக் கொடுத்தேன்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் வெச்சிருக்கணும்?"

"வயிறு செவக்கற வரைக்கும்."

"யாரு வயிறு?"

"பேசாம அசையாம இருங்க."

அவர் அசையவில்லை. அந்த வாரக் கடைசியில் கூண்டுக்குள்ளிருந்த கிண்ணத்துத் தண்ணீரில் கறுப்பாக முட்டைகள் மிதந்தன. வியாபாரத்துக்கு நடுவே உள்ளே வந்து முதலில் பார்த்தவர் அவர்தான். கல்லாவை அப்படியே விட்டுவிட்டு, அவளைக் கூப்பிட ஓடினார்.