கேள்வி மட்டும் கேட்கும் உத்தியோகம்

லைஃப் கோச்சிங் என்பது, வழி கேட்டு வந்தவரிடம் ‘நீங்கள் எங்கே போக ஆசைப்படுகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கட்டணம் வாங்கும் தொழில். பெரியகுளத்தில் ஒரு தனியார் பள்ளித் தாளாளரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் ஆசிரியை நான். எப்படியாவது தப்பித்துவிட வேண்டும் என்று, ஆன்லைனில் இந்தத் தொழிலின் அடிமட்டச் சான்றிதழுக்குச் சேர்ந்தேன். வேலையை விடத் துடித்து எதிலாவது போய் விழுந்த அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். அங்கே ஒரே சட்டம்: கேள்வி கேட்கலாம், மறந்தும் யோசனை சொல்லக் கூடாது.

மேகம் பார்த்த படலம்

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே! சுருளிப்பட்டிச் சித்தப்பா சிக்கினார். தோட்டத்தில் திராட்சை பழுத்துத் தொங்குகிறது. வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். வானம் வேறு கறுத்து நிற்கிறது. வெட்டுவதா, பொறுப்பதா என்று மனுசன் தவிக்கிறார். நான் குரலைக் குழைத்து, “அந்த மேகத்தைப் பார்க்கும்போது உங்களுக்குள்ள என்ன தோணுது, சித்தப்பா?” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மழை வரும்னு தோணுது, ஆத்தா. இதுக்கா காசு கட்டிப் படிக்கிற?”

மௌனத்தின் மகிமை

எங்கள் பயிற்சியாளர் எதற்கெடுத்தாலும் “பியூட்டிஃபுல்” என்பார். எதிராளி பேசி முடித்ததும் நாம் வாயைத் திறக்கக் கூடாதாம். அந்த மௌனத்தில்தான் மாற்றம் பிறக்குமாம். பிறந்த லட்சணத்தைக் கேளுங்கள். கம்பத்து மதினி போனில், மகன் படிக்காமல் ஊர் சுற்றுகிறான் என்று அழுதார். நான் மௌனம் காத்தேன். “ஹலோ, ஹலோ” என்று கத்தினார். அப்போதும் காத்தேன். பிறகு அவர் பக்கத்திலிருந்த என் அண்ணனிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“உங்க தங்கச்சிக்கு ஓட்டைப் போனை மாத்தக்கூட வழியில்ல போல. பாவம், ஒண்ணு வாங்கிக் குடுங்க.”

தேர்வுக்குப் போன பதிவு

கடைசியாக ஒரு உரையாடலைப் பதிவுசெய்து, அன்றே தேர்வுக்கு அனுப்ப வேண்டும். கூட வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சர் சம்மதித்தார். அவருக்கு அரசு வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. மறுநாள் மதுரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஆனால் நாங்கள் ஓடிவிடக் கூடாதென்று எல்லோருடைய ஒரிஜினலையும் தாளாளர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். கேட்டால் தர மறுக்கிறார். “அது கையில கிடைச்சா எப்படி உணர்வீங்க?” என்று கேட்டேன். ஸ்டெல்லா, “அவுக தரமாட்டேங்கிறாக, டீச்சர்” என்று தேம்பி அழுதார். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

“எந்திரிங்க. ரெண்டு பேரும் போய் உக்காருவோம். தராம நகரக் கூடாது” என்றேன். அதுவும் பதிவாகிவிட்டது. ஃபீஸ் கட்ட வந்த பெற்றோர் எல்லாம் வேடிக்கை பார்க்க, சாயங்காலம் வரை தாளாளர் அறையில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஸ்டெல்லாவின் சான்றிதழ் ஃபைலை மட்டும் தூக்கி எறிந்தார். இருந்த ஒரே பதிவு அதுதான், அனுப்பினேன். தேர்ச்சி இல்லை. பயிற்சியாளர் வருத்தத்தோடு கூப்பிட்டு, “நீங்க அவங்க பயணத்தைத் திருடிட்டீங்க, மேடம்” என்றார்.

சரிபார்ப்பு முடிந்ததும் ஸ்டெல்லா மதுரையிலிருந்து பேசினார். “டீச்சர், இனி யாரையும் கேள்வி கேக்காதீக. கூட வாங்க, அது போதும்.”

வாயை மூடிக்கொண்டிருக்கச் சான்றிதழ் தரும் தொழிலில், வாயைத் திறந்த ஒரே நாளில் உருப்படியாக ஒரு காரியம் செய்து தோற்றுப்போன நான், என் சான்றிதழ்களும் அதே பீரோவில் கிடக்க, அதே தாளாளருக்குத் தினமும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.