தறிச் சத்தத்தை அழித்தேன்

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே போன் இருந்த காலம். புதுப் பாட்டு ஏற்றப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

"கார்டுல இடமே இல்லமா. எதையாச்சும் அழிச்சாத்தான் ஏறும்" என்றார் கடைக்காரர்.

நீளமான ஒரு பதிவு இருந்தது. கொஞ்சம் போட்டுக் கேட்டேன், வெறும் தறிச் சத்தம். அழிக்கச் சொன்னேன்.

வீட்டில் அண்ணன் போனை வாங்கித் தேடினார். "தறியை ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தேனே, எங்கமா?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அண்ணன் நெய்யும்போது எப்போதாவது தறி கிறீச்சிடும், உடனே இழை அறுந்துவிடும். பழுதுபார்க்கும் ஆசாரி வந்து நின்றால் மட்டும் அந்தச் சத்தம் வராது. அவருக்குப் போட்டுக் காட்டத்தான் அண்ணன் நாளெல்லாம் காத்திருந்து அதைப் பிடித்திருக்கிறார். தறியிலோ ஒரு கல்யாணப் புடவை பாதியில் இருந்தது.

"சரி உடுமா, மறுபடி வரும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலேஜுக்குப் போகாமல் போனும் கையுமாகத் தறியருகில் உட்கார்ந்தேன். உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. மத்தியானம் கிறீச்சிட்டது. பதறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன். இடமில்லை என்றது போன். நான் பாட்டுகளை ஒவ்வொன்றாக அழிப்பதற்குள் இழை அறுந்து தறி நின்றது. அண்ணன் அறுந்த இழையை முடிந்தார்.

இன்று பாட்டெல்லாம் இணையத்திலேயே கேட்கிறேன், போனில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும், என்னவென்று தெரியாத ஒரு பதிவைக் கடைசிவரை கேட்காமல் அழிக்க எனக்குக் கை வருவதில்லை.