ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும்

உலகத்திலேயே அதிகக் கூட்டம் ஏறிய பேருந்து நிறுத்தம் எங்கள் நகரத்தின் கடைசி முனையில்தான் இருந்தது. செவிலி, சமையல்காரி, இருமல்காரக் கிழவி, கறுப்புக் கண்ணாடி போட்ட பணக்காரி, ஒரு மந்திரி, அத்தனை பேரும் அங்கேதான் ஏறினார்கள். சரி, வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது, மந்திரியை எடுத்துவிடுங்கள். மற்றவர்கள் ஏறியது சத்தியம். அவர்கள் எல்லாரும் ஒரே பெண்பிள்ளை என்பதுதான் இதில் உள்ள சின்னச் சிக்கல்.

பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கும் ஒன்று இருந்தது. ஆனால் ‘ஊசி’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பது அவள் வேலை. நூல் கோத்த ஊசி ஒன்று எந்நேரமும் அவள் சட்டை மார்பில் குத்தியிருக்கும். தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று சக வேலைக்காரிகளுக்குச் சந்தேகம். கட்டியவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது, பிள்ளைகுட்டி கிடையாது. அவளுக்கு இருந்த சொத்தெல்லாம் எதிர்வீட்டு அக்கா ஒருத்திதான்.

அந்த அக்காவைச் சந்து முழுவதும் ‘ரேடியோ’ என்று அழைத்தது. காலையில் கதவைத் திறந்தால் ஆரம்பிப்பாள், இரவு கதவை மூடினால்தான் ஓய்வாள். யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாச் செய்தியும் எதிர்வாசலிலிருந்து சுடச்சுட வரும். ஊசி பதில் பேசமாட்டாள். தைத்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவாள். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

நகரத்துக்குப் பேருந்து விடுவதென்று அரசாங்கம் முடிவு செய்தபோது, அதற்குப் பணிமனை கட்ட அந்தச் சந்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சந்து மண்ணோடு மண்ணானது. பதிலுக்கு, ஊருக்கு வெளியே வெற்று மனைகளுக்கு நடுவே ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றை எழுப்பி ஆளுக்கொரு வீடு ஒதுக்கினார்கள். ஊசியும் ரேடியோவும் அதிகாரியின் மேஜை முன்னால் தவமாய்த் தவம் கிடந்து, எதிரெதிர்க் கதவுகளாகப் பார்த்து வாங்கிவிட்டார்கள். “இந்தாங்க, முதல் மாடியில எதிரெதிரா ரெண்டு வீடு. இனிமே என் மேஜைப் பக்கம் வந்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கையெடுத்துக் கும்பிட்டாராம் அந்த மனிதர்.

ஊசி மறுவாரமே குடிபோனாள். வீட்டைப் பார்க்க வந்த ரேடியோ, மாடிப்படியில் நின்று நாலு திசையும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண்ணும் கல் நட்ட மனைகளும்தான்.

“ஏண்டி, இங்க யாரைப் பத்திடி பேசுறது?”

“எல்லாரும் வந்துருவாங்கக்கா.”

“வரட்டும். பெரிய ரோடு வரைக்கும் நடக்க என் முட்டி ஒத்துக்காது. பஸ் விடட்டும், அன்னைக்கே மூட்டையைக் கட்டுறேன். அதுவரைக்கும் மகன் வீட்டு சோபாவே எனக்குப் போதும்.” சாவியை ஊசியின் கையில் திணித்தாள். “அப்பப்ப பெருக்கி வை.”

வீடு கிடைத்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள்: பேருந்து வந்தால் வருகிறோம். பேருந்துக்காரர்கள் சொன்னார்கள்: ஆட்கள் வந்தால் வருகிறோம். இப்படி இரண்டு பக்கமும் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்க, ஏழு மாடிக்கும் ஊசி ஒருத்தியே குடித்தனக்காரி ஆனாள்.

வாசலில் ஒரு காவலாளி மட்டும் உண்டு. “திருட என்னம்மா இருக்கு இங்க? திருடன் வந்தா என்னைத்தான் தூக்கிட்டுப் போகணும்” என்பான். அவனும் பொழுது சாய்ந்தால் தன் கொட்டகைக்குள் போய்விடுவான்.

சலவைக்கூடத்தில் பகலெல்லாம் இயந்திரங்களின் இரைச்சல். யார் வாயைத் திறந்தாலும் காதில் விழாது. வீட்டிலோ ஒரு கரண்டி கை தவறி விழுந்தால் சத்தம் ஏழு மாடியும் ஏறிப் போய், யாரையும் காணாமல் திரும்பி இறங்கி வரும். சாயங்காலம் ஊசி எதிர்வீட்டைத் திறந்து கூட்டுவாள். விளக்கைப் போட்டுவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, தன் வாசலில் வந்து உட்கார்ந்து தைப்பாள். எதிரே வெளிச்சம் தெரிந்தால் கை ஓடியது. ஒருநாள் பழக்க தோஷத்தில் ‘உம்’ என்று கொட்டிவிட்டாள். கொட்டிய பிறகுதான் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது உறைத்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அன்றைக்குச் சீக்கிரமே எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

ஒருவழியாகப் பேருந்து வந்தது. இருக்கைகளில் உறை பிரிக்காத புத்தம்புது வண்டிகள். தரை பளபளவென்று இருந்ததால், முதல் நாள் பாதி நகரம் செருப்பை நிறுத்தத்திலேயே கழற்றி விட்டுவிட்டு ஏறியது. வண்டி நகர்ந்த பிறகுதான் அவரவர் காலை அவரவர் பார்த்தார்கள். நடைபாதை நெடுக ஜோடி ஜோடியாய்ச் செருப்புகள் காத்துக் கிடந்தன. கடைசி முனை நிறுத்தத்தில் மட்டும் ஒரே ஒரு ஜோடி. அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டியின் நடத்துநர் ஒரு சின்னப் பெண். படபடவென்று பேசுவாள். ஊசிக்கு விவரம் சொன்னவள் அவள்தான்.

“இப்போதைக்கு வெள்ளோட்டம்மா, டிக்கெட் கிடையாது. ஏறுற ஆளுக்கு ஒருதரம் இந்த மிஷினை அமுக்கணும், எண்ணிக்கை ஆபீசுக்குப் போயிரும். ஆள் ஏறாத ஸ்டாப்பை எடுத்துருவாங்க.”

“எங்க ஸ்டாப்பையுமா?”

“உங்களை விட்டா அங்க ஈ காக்கா ஏறலையேம்மா.”

நிறுத்தத்தை எடுத்துவிட்டால் ஊசிக்கு நஷ்டமில்லை. அடுத்த நிறுத்தத்துக்கு மனைகளின் குறுக்கே நடந்துவிடுவாள். ஆனால் ரேடியோவின் முட்டி நடக்காது. முட்டி வராவிட்டால் ரேடியோவும் வரமாட்டாள். அன்று முழுக்க ஊசி தைத்த விரிப்புகளில் தையல் கோணல்மாணலாகப் போயிற்று.

கழித்துப்போட்ட துணிகளைக் கேட்டு வாங்கிவந்து அவள் ஒரு மேலங்கி தைத்தாள். இந்தப் பக்கம் சாம்பல், புரட்டினால் பச்சை. கழுத்துப் பட்டியை மடக்கினால் செவிலி, இழுத்துவிட்டால் சமையல்காரி. தலையில் ஒரு துணியும் தொண்டையில் ஓர் இருமலும் சேர்த்தால் கிழவி. வாரநாளில் வேலைக்குப் போகவேண்டும் என்பதால், விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில்தான் வேஷமெல்லாம். ஏறுவாள், அடுத்த நிறுத்தத்தில் இறங்குவாள், மனைகளின் குறுக்கே விறுவிறுவென்று திரும்பி வந்து அடுத்த வண்டிக்கு வேறு ஆளாக நிற்பாள்.

காவலாளி தலையைப் பிய்த்துக்கொண்டான். “ஏம்மா, இப்பதான் ஒரு நர்ஸ் போனாங்க?”

“அது என் தங்கச்சி.”

“அதுக்கு முன்னாடி ஒரு பாட்டி?”

“சித்தி.”

“உள்ள வராத ஆளுங்க எல்லாம் எப்படிம்மா வெளிய மட்டும் போறாங்க?”

“கேட்டுல தூங்குனா அப்படித்தான் தம்பி இருக்கும்.”

வண்டிக்குள் ஊசி வேறு ஆளாகவே மாறிப்போனாள். வாழ்நாளெல்லாம் ‘உம்’ கொட்டியவளுக்கு வேஷம் போட்டதும் பேச்சு வந்தது. செவிலி ஆஸ்பத்திரிக் கதை சொன்னாள், கிழவி வாயுத்தொல்லையைச் சொன்னாள், பணக்காரி சமையல்காரியைக் குறை சொன்னாள். ஒன்றில் மட்டும் நாலு பேரும் ஒத்துப்போனார்கள்.

“தனியாவா இருக்கீங்க?” என்று நடத்துநர் கேட்டால், நாலு பேரும் ஒரே பதில் சொன்னார்கள்: “சேச்சே. எதிர்வீட்டுல எனக்கு ஒரு அக்கா இருக்காங்க.”

வெள்ளோட்டம் முடிந்தது. நிறுத்தத்தில் புதுப் பலகை ஒன்று முளைத்திருந்தது. ஊசி அதன் எதிரே நின்று படித்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். ‘பொழுதுபோக்கு இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கும்.’

நடத்துநர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “வாரநாள்ல ஒரே ஒரு ஆள். ஞாயித்துக்கிழமைன்னா கும்பல். அங்க ஏதோ பார்க்கிறதுக்கு இருக்குன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்கம்மா. பூங்காவா, ஏரியான்னு என்னைக் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“இன்னும் நான் இறங்கிப் பாக்கலைன்னேன்.”

விஷயம் காதுக்கு எட்டியதும் முதல் ஞாயிறே ரேடியோ வந்து இறங்கினாள். பலகையைப் பார்த்தாள், வெற்று மனைகளைப் பார்த்தாள், ஊசியின் மார்பில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தாள்.

“வாரத்துக்கு ஒருநாள் வர்ற பஸ்ஸை நம்பி யாராச்சும் குடி வருவாங்களாடி? அவசரத்துக்கு முட்டி வைத்தியர்கிட்ட போகணும்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் வலியை மடியில வச்சுத் தாலாட்டணுமா?”

  பேசாமல் தைக்கத் தெரிந்தவள், ஓர் ஊராகவே வேஷம் கட்டிப் பேசப் போய், தன் வாரத்தையே கத்தரித்துவிட்டாள்.

ஆனாலும் ரேடியோ ஞாயிறு தவறாமல் வந்தாள். தன் வீட்டு வாசலில் அவள், எதிர்வாசலில் ஊசி. மருமகள் எப்படிப் பாத்திரத்தை நங்கென்று வைக்கிறாள், மகன் எப்படிக் காது கேளாதவன்போல் நடிக்கிறான், சோபாவின் எந்தக் கம்பி எந்த விலா எலும்பில் குத்துகிறது என்று எல்லாம் வந்து கொட்டும். கடைசி வண்டிக்கு ஊசி கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிடுவாள். திரும்பி வரும்போது மாடிப்படியில் ஒரு ஜோடிக் கால்சத்தம் மட்டும் கேட்கும். ஆறு நாளும் எதிர்விளக்கை அவளே போட்டு அவளே அணைத்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாதிருந்தபோதுகூட மற்ற நாட்கள் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிறு. கடைசி வண்டி வரும் நேரத்தில், “ஏத்தி விடவெல்லாம் வேணாம், எனக்கு வழி தெரியும்” என்று ரேடியோ தனியாக இறங்கிப் போனாள். ஊசி வாசலிலேயே தைத்துக்கொண்டு இருந்தாள். வண்டி வந்த சத்தம் கேட்டது, போன சத்தமும் கேட்டது. கொஞ்சநேரம் கழித்துப் படியில் சரக், சரக் என்று ஒற்றைக் காலை இழுக்கும் ஓசை.

“வார் அறுந்துபோச்சுடி. நடக்க முடியல, பஸ்ஸை விட்டுட்டேன்” என்றாள் ரேடியோ, செருப்பைக் கையில் தூக்கிக் காட்டி. “அடுத்த பஸ்ஸு?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை.”

“கஷ்டகாலம்” என்றபடி ரேடியோ தன் வீட்டுக்குள் போனாள். அன்றைக்கு எதிர்விளக்கைப் போட ஊசி எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் செருப்பு தயாராகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்தான். ஆஸ்பத்திரிக் கிழிசல் அத்தனையையும் தைத்தவள், அந்த ஒரு வாரைத் தைக்க மட்டும் நேரமே கிடைக்கவில்லை என்றாள். இப்படியாக ஓர் அறுந்த செருப்பினால் அந்தக் குடியிருப்புக்கு இரண்டாவது குடித்தனம் வந்து சேர்ந்தது.

இதுவரை எழுதியதை நான் படித்துக் காட்ட, எதிர்வாசலில் உட்கார்ந்து இவ்வளவு நேரமும் அதிசயமாக வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ, இந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“செருப்பு அறுந்தது நிஜம்தான். ஆனா பஸ் போனதுக்கப்புறம், படி ஏறி வர்றப்பதான் அறுந்துச்சு. அந்தக் கண்டக்டர் பொண்ணு ‘வாங்க’ன்னு கைகூட நீட்டுச்சு, நான்தான் ‘நீ போ’ன்னுட்டேன். எழுதுறதை ஒழுங்கா எழுதுங்க.”