போத்தலில் இல்லாத என் பெயர்

ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம், பாரிசுக்கு வெளியே ஒருவரும் வாங்காத கல்லுக் காணியில் திராட்சைக்கொடி நட்டேன். அங்கிருந்த மாட்டுக்கொட்டிலை வைன் ஆலையாக்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்.

இன்று பாரிசில் எங்கள் சனம் கடை வைத்திருக்கும் லா ஷப்பல் தெருக்களில் எங்கள் வைன் இருக்கிறது. போத்தலில் என்னோடு தொழில் செய்யும் தம்பியின் பெயரும் அவன் மனைவியின் பெயரும் மட்டும்தான். பெட்டி இறக்கப் போன ஒரு கடையில், கடைக்காரருக்கு முன்னாலேயே, என் பெயர் எங்கே என்று தம்பியைக் கேட்டேன்.

“அண்ணை, ஊரிலை மாதிரிப் பந்தல் போட்டு, வெயில் காணாமல் முதல் வருசப் பழமெல்லாம் புளிச்சதை மறந்திட்டியளோ?”

“அதைப் பிரிச்சுக் கம்பி இழுத்துக் கட்டினது ஆர்? உன்ரை மனிசியோ?”

“அவதானே கடதாசி வேலை முழுக்கப் பார்த்தவ.”

“கடதாசியிலையோ கொடி காய்ச்சது?”

அவன் வைன் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினான். பந்தல் என் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை அச்சடிக்கும்போது என் பெயர் அவர்கள் பெயருக்கு மேலே வரவேண்டும்.